கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு வரி

இது சினிமா கட்டுரைதான். ஆனா ஆஃபர் லெட்டர்ல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆறு மணி இருக்கும், எனக்கு மெயில் வந்துச்சு. பதினோரு பக்க பிடிஎஃப். மறுநாள் காலைல பத்து மணிக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணும். நான் முதல் பக்கத்துல சம்பளம் எவ்வளவுன்னு பார்த்தேன். கடைசி பக்கத்துல கையெழுத்து எங்க போடணும்னு பார்த்தேன். நடுவுல இருந்த ஒன்பது பக்கத்தை இன்ஸ்டாகிராம் ரீல் தள்ளுற மாதிரி தள்ளினேன். வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல ஸ்வீட் போட்டோ கூட வந்துடுச்சு.

ராத்திரி அதே கம்பெனில செலக்ட் ஆன ஃப்ரெண்டு போன் பண்ணான். "டேய், எட்டாவது பக்கம் படிச்சியா?"

படிச்சேன். ரெண்டு வருஷம் பாண்ட். நடுவுல விட்டா ஒன்றரை லட்சம் கட்டணும். அது கூட பரவால்ல, சீனியருங்க சொல்லிக் கேட்டதுதான். அதுக்குக் கீழ ஒரு வரி: ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கம்பெனி கிட்ட ஒப்படைக்கணும். எப்போ திருப்பித் தருவாங்கன்னு எந்தப் பக்கத்துலயும் இல்ல.

"என்னடா பண்றது?"ன்னு அவன் கேட்டான். "எல்லாரும் போடுறாங்கடா, போட்டுடுவோம்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்புறம் தூக்கம் வரல. அதுக்குக் காரணம் ஒரு நடிகை.

இந்த இதழுக்கு பழைய சினிமா பத்தி ஒரு கட்டுரை தர்றேன்னு எடிட்டர் கிட்ட வாக்கு குடுத்திருந்தேன். அதுக்காக ரெண்டு வாரமா வஹீதா ரஹ்மான் பத்திப் படிச்சுக்கிட்டு, படம் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏன் வஹீதா ரஹ்மான்? நான் செங்கல்பட்டு. தினமும் காலைல அந்த ஸ்டேஷன்லதான் ட்ரெயின் ஏறுறேன். 2023 செப்டம்பர்ல இவங்களுக்கு தாதாசாகேப் பால்கே விருதுன்னு அறிவிச்சப்பதான், இவங்க எங்க ஊர்ல பொறந்தவங்கன்னே எனக்குத் தெரியும். 1938 பிப்ரவரி 3. அம்மா கிட்ட சொன்னேன். "விஸ்வரூபம் 2-ல கமலுக்கு அம்மாவா வருவாங்களே, அவங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்களேதான்.

இவங்களைப் பத்தி இணையத்துல எங்க தேடினாலும் ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு, அழகு. இன்னொண்ணு, "குரு தத் கண்டுபிடிச்ச நடிகை". எனக்கு இந்த ரெண்டாவதுலதான் பிரச்சனை. இவங்க வாழ்க்கைல முக்கியமான நாள் எதுன்னு கேட்டா, குரு தத் இவங்களைப் பார்த்த நாள்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவர் நீட்டின ஒப்பந்தத்துல கையெழுத்துக்கு முன்னாடி இவங்க நிறுத்தின நாள்தான்னு நான் சொல்லுவேன்.

கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

அப்பா அரசு அதிகாரி. ஊர் ஊரா மாற்றல். நாலு பொண்ணுங்கள்ல இவங்க கடைசி. சின்ன வயசுல டாக்டர் ஆகணும்னு ஆசை. கூடவே பரதநாட்டியம். மெட்ராஸ்ல திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட கத்துக்கப் போனப்போ, முஸ்லிம் பொண்ணுக்குச் சொல்லித்தர அவர் முதல்ல தயங்கினாராம். ஜாதகம் கொண்டு வாங்கன்னாராம். வீட்ல ஜாதகம் எழுதுற வழக்கமே இல்ல. பிறந்த நேரத்தைக் கேட்டு அவரே கணிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் சேர்த்துக்கிட்டாருன்னு வஹீதாவே சொல்லியிருக்காங்க. "முஸ்லிம் வீட்டுப் பொண்ணு ஆடலாமா"ன்னு சொந்தக்காரங்க ஒரு பக்கம், "முஸ்லிம் பொண்ணுக்குச் சொல்லித்தரலாமா"ன்னு குரு ஒரு பக்கம். ரெண்டையும் தாண்டித்தான் அந்தப் பொண்ணு சலங்கை கட்டியிருக்கு.

பதின்ம வயசுலயே அப்பா இறந்துட்டாரு. டாக்டர் கனவு அதோட போச்சு. வீட்டுக்கு வருமானம் வேணும், கைல இருந்தது நாட்டியம் ஒண்ணுதான். 1955-ல 'ரோஜுலு மாராயி'ன்னு ஒரு தெலுங்குப் படம். அதுல ஒரே ஒரு பாட்டுக்கு ஆடினாங்க. படமும் ஹிட், பாட்டும் ஹிட். அந்தப் படம் அடுத்த வருஷம் தமிழ்ல 'காலம் மாறிப்போச்சு'ன்னு வந்தப்பவும் அந்த ஆட்டம் இவங்களுக்குத்தான். எம்ஜிஆரோட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துலயும் ஆடியிருக்காங்க. தெற்குல இவங்க யாருக்கும் தெரியாத ஆள் இல்ல.

அந்த நேரத்துலதான் குரு தத் ஹைதராபாத் வர்றாரு. பாட்டு ஹிட் ஆன பொண்ணைப் பத்திக் கேள்விப்பட்டு, பார்த்துட்டு, பம்பாய்க்குக் கூப்பிடுறாரு. அம்மாவும் பொண்ணும் கிளம்பிப் போறாங்க.

பம்பாய் ஆஃபீஸ்ல நடந்ததை வஹீதா பல தடவை சொல்லியிருக்காங்க. நஸ்ரீன் முன்னி கபீரோட இவங்க பேசினது புத்தகமாவே வந்திருக்கு. அந்த ரூம்ல குரு தத் இருக்காரு, 'சிஐடி' படத்தோட டைரக்டர் ராஜ் கோஸ்லா இருக்காரு. உன் பேரு ரொம்ப நீளம், மாத்தணும்னு சொல்றாங்க. அன்னைக்கு அதுதான் வழக்கம். யூசுப் கான் திலீப் குமார் ஆனாரு. மும்தாஜ் ஜஹான் மதுபாலா ஆனாங்க. மஹ்ஜபீன் மீனா குமாரி ஆனாங்க. ஏன், குரு தத்தே பொறந்தப்போ வசந்த்குமார் சிவசங்கர் படுகோன்தான்.

இந்தப் பொண்ணு முடியாதுன்னுது. அப்பா அம்மா வெச்ச பேரு, எனக்குப் பிடிச்சிருக்கு, மாத்த மாட்டேன். அவங்களும் பெரிய பெரிய பேரை எல்லாம் உதாரணம் காட்டிப் பார்த்தாங்க. பொண்ணு அசையல. கடைசில அவங்கதான் இறங்கி வந்தாங்க.

சரி, ஒப்பந்தத்துல கையெழுத்து போடலாம்னு உட்கார்ந்தா, பொண்ணு மறுபடி வாயைத் திறக்குது. இன்னொரு விஷயம் சேர்க்கணும்: எனக்குப் பிடிக்காத உடையை நான் போட மாட்டேன். ராஜ் கோஸ்லாவுக்கு ஆச்சரியம், கூடவே எரிச்சல். புதுசா வந்த பொண்ணு கண்டிஷன் போடுதேன்னு. குரு தத் சேர்க்கச் சொல்லிட்டாரு. இதுல இன்னொரு விஷயம் இருக்கு. பொண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆகல. அதனால ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது இவங்க அம்மா. சட்டப்படி கையெழுத்து போடக்கூட வயசு வராத பொண்ணுதான் அந்தப் பேப்பர்ல ரெண்டு வரியை மாத்தியிருக்கு.

எனக்கு இருபத்தொண்ணு. நான் நடுவுல இருந்த ஒன்பது பக்கத்தைப் படிக்கவே இல்ல.

இப்போ "கண்டுபிடிச்சார்"ங்கிற வார்த்தைக்கு வர்றேன். பரதம் கத்துக்கிட்டு, மேடைல ஆடி, ஹிட் குடுத்த ஒருத்தரை பம்பாய்ல இருந்து வந்தவர் கண்டுபிடிச்சார்னு சொல்றது, ஏழு செமஸ்டர் முட்டி மோதிப் படிச்சவனை கேம்பஸுக்கு ஒரு நாள் வந்த எச்ஆர் உருவாக்கினாருன்னு சொல்ற மாதிரி. எச்ஆர் செலக்ட் பண்ணாரு. அதுக்கு நன்றி சொல்லலாம். அதுக்கு மேல அவருக்குக் குடுக்கக் கூடாது.

குரு தத்தைக் குறைச்சுச் சொல்லல. 'சிஐடி' 1956-ல வந்துச்சு, 'ப்யாஸா' 1957-ல. 'ப்யாஸா' குலாபோவை நீங்க பார்க்கணும். கவிஞனோட எழுத்தோட மதிப்பு அவன் சொந்தக்காரங்களுக்குத் தெரியல, பதிப்பாளருக்குத் தெரியல, தெருவுல நிக்குற ஒரு பாலியல் தொழிலாளிக்குத் தெரியுது. பத்தொன்பது வயசுல அந்தப் பாத்திரத்தை அவ்வளவு அமைதியா பண்ணியிருக்காங்க. 1959-ல 'காகஸ் கே பூல்', இந்தியாவோட முதல் சினிமாஸ்கோப் படம். ரிலீஸ் ஆனப்போ தோல்வி, இன்னைக்கு பாடம். அப்புறம் 'சௌத்வீ கா சாந்த்', 1962-ல 'சாஹிப் பீபி அவுர் குலாம்'. இதெல்லாம் குரு தத் இல்லாம நடந்திருக்காது.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். முறையா பரதம் கத்துக்கிட்ட பொண்ணு. ஒரு ஆட்டத்தாலதான் பம்பாய்க்கே போனாங்க. குரு தத் படங்கள்ல அவங்க கண்ணுக்கும் முகத்துக்கும் கிடைச்ச இடம், காலுக்குக் கிடைக்கல. அதுக்கு 'கைடு' வரணும். 1965.

ஆர். கே. நாராயண் எழுதிய நாவல். விஜய் ஆனந்த் டைரக்ஷன், தேவ் ஆனந்த் ஹீரோ. வஹீதாவுக்கு ரோஸிங்கிற பாத்திரம். தேவதாசி ஒருத்தரோட பொண்ணு, வயசான ஆராய்ச்சியாளரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. அவருக்கு குகையும் சிலையும் போதும், பொண்டாட்டி ஆடக் கூடாது. அவ சலங்கையை எடுத்துக்கிட்டு அந்தக் கல்யாணத்தை விட்டு வெளிய வந்து, ராஜுங்கிற டூரிஸ்ட் கைடோட வாழ்றா. பெரிய டான்ஸர் ஆகுறா. 1965-ல ஒரு ஹிந்தி ஹீரோயின், புருஷனை விட்டுட்டு வர்ற பாத்திரம் பண்றதுன்னா சும்மா இல்ல. வேணாம், மார்க்கெட் போயிடும்னு சொன்னவங்க உண்டு. ஒத்துக்கிட்டாங்க. ஃபிலிம்பேர் விருது வாங்கினாங்க. ஹீராலால், சோஹன்லால் அமைச்ச அந்த நடனங்களைப் பாருங்க, குறிப்பா அந்தப் பாம்பு நடனம். வசனமே இல்லாம அத்தனை வருஷக் கோபமும் அதுல வெளிய வருது.

நான் 'கைடு' பார்த்தது ஆஃபர் லெட்டர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி. அன்னைக்கு சாதாரணமா பார்த்த ரெண்டு விஷயம், அந்த ராத்திரி எட்டாவது பக்கத்தைப் படிச்சதுக்கு அப்புறம் வேற மாதிரி தெரிஞ்சுது. ரோஸி பேமஸ் ஆகும்போது ராஜு அவ பேரை மாத்துறான். போஸ்டர்ல அவ நளினி. பேரை மாத்த மாட்டேன்னு சொல்லி கரியரை ஆரம்பிச்சவங்க, பேரு மாத்தப்பட்ட பொண்ணா நடிக்கிறாங்க. அடுத்தது இன்னும் பெருசு. ராஜு ஜெயிலுக்குப் போறது எதுக்கு? ரோஸியோட கையெழுத்தைத் தானே போட்டதுக்கு! அவ மேல இருந்த பிரியத்துலயும் பயத்துலயும்தான் பண்றான், கெட்டவன் இல்ல. ஆனா அவளைக் கேக்கல. அவளோட பேப்பர், அவளோட பேரு, கையெழுத்து அவனோடது.

பிரியமா இருக்குறவங்களே நம்ம கையெழுத்தை நமக்காகப் போட்டுடுவாங்க. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் இன்ஜினியரிங் சேர்ந்ததே அப்படித்தானே?

'கைடு'க்கு அப்புறமும் இவங்க தேர்வு எல்லாம் பாதுகாப்பா இல்ல. 1966-ல 'தீஸ்ரீ கஸம்', நௌடங்கி நாடகக்காரியா. பாடலாசிரியர் ஷைலேந்திரா தயாரிச்ச படம், தியேட்டர்ல ஓடல, அந்த வருஷத்தோட சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்குச்சு. 'நீல் கமல்'க்கு ரெண்டாவது ஃபிலிம்பேர். 1969-ல 'காமோஷி', மனநல மருத்துவமனை நர்ஸ். நோயாளியைக் குணப்படுத்த காதலிக்கிற மாதிரி நடிக்கச் சொல்றாங்க. நடிச்சு நடிச்சு அவங்களே உடைஞ்சு போறாங்க. என்னைக் கேட்டா இவங்க நடிப்புல உச்சம் இதுதான். 1971-ல 'ரேஷ்மா அவுர் ஷேரா'வுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது.

எல்லாத்துலயும் ஜெயிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். 1976-ல 'கபி கபி'ல அமிதாபுக்கு மனைவி. 1978-ல 'திரிசூல்'ல அதே அமிதாபுக்கு அம்மா. ரெண்டே வருஷம்! ஹீரோவுக்கு வயசே ஆகல, ஹீரோயினுக்கு ஒரு தலைமுறை ஏறிடுச்சு. இதைத் தடுக்குற வரியை எந்த ஒப்பந்தத்துலயும் எழுத முடியாது. அது அந்தத் தொழிலோட புத்தி. 1991-ல 'லம்ஹே'க்கு அப்புறம் பல வருஷம் நடிக்கல, பெங்களூர்ல குடும்பத்தோட இருந்தாங்க. திரும்பி வந்து 'ரங் தே பசந்தி'ல மகனை இழந்த அம்மாவா நம்மளை அழ வெச்சாங்க. வயசான காலத்துல காட்டு விலங்கு போட்டோகிராபி கத்துக்கிட்டு கேமராவோட காட்டுக்குப் போனாங்க.

இப்போ நீங்க கேக்கப் போறது தெரியும். இதே கேள்வியைத்தான் அந்த ராத்திரி என் ஃப்ரெண்டும் கேட்டான். "மச்சி, அவங்க கைல ஹிட் பாட்டு இருந்துச்சு. அதனால கண்டிஷன் போட்டாங்க. என் கைல என்ன இருக்கு? ரெண்டு அரியர், நாலு லட்சம் எஜுகேஷன் லோன்."

நியாயமான கேள்வி. முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு வசதி வேணும். இவங்க பக்கத்துல அம்மா உட்கார்ந்திருந்தாங்க. எதிர்ல குரு தத் மாதிரி காது குடுத்துக் கேக்குற ஆள் இருந்தாரு. வேற ஆளா இருந்திருந்தா அடுத்த ட்ரெயின்ல திருப்பி அனுப்பியிருப்பாங்க. "துணிஞ்சு பேசு, உலகம் உன் காலடியில"ன்னு மோட்டிவேஷன் ஸ்பீக்கர் மாதிரி நான் பேச வரல. லோன் இருக்குறவன் பயப்படுறது தப்பே இல்ல.

ஆனா இன்னொரு பக்கத்தையும் பாருங்க. அப்பா இல்லாத குடும்பம். பழக்கமில்லாத ஊரு. அவங்களுக்கும் அந்த வேலை தேவைதான். அவங்க எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொல்லல. முதல் படத்துல ஹீரோயின் ரோல் கேக்கல. 'சிஐடி'ல ஹீரோயின் ஷகிலா, இவங்களுக்கு வில்லன் கூட்டத்துல இருக்குற பொண்ணு பாத்திரம். அதை வாங்கிக்கிட்டாங்க. வருஷக்கணக்குல ஒரே கம்பெனிக்குக் கட்டுப்படுறதுக்கும் ஒத்துக்கிட்டாங்க. விட்டுக்குடுக்க முடியாத ரெண்டை மட்டும் பிரிச்சு வெச்சாங்க: பேரு, உடம்புல போடுற துணி. மத்ததெல்லாம் பேசிக்கலாம்.

இதுதான் எனக்குப் பிடிச்சது. நமக்கு எல்லாரும் சொல்லிக்குடுக்குறது ரெண்டே வழி. ஒண்ணு, வாயை மூடிட்டு கையெழுத்து போடு. இல்லன்னா, தூக்கிப் போட்டுட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பி. நடுவுல ஒரு வழி இருக்கு: முழுசா படி, எதை விட முடியாதுன்னு முடிவு பண்ணு, அதை மட்டும் மரியாதையா கேளு. கேட்டா குடுக்காம போகலாம். கேக்காம யாரும் குடுத்ததா நான் எங்கயும் படிக்கல.

அப்போ என் கதை என்னாச்சு? காலைல எட்டு மணிக்கு, ட்ரெயின்ல நின்னுக்கிட்டே, நாலு வரி மெயில் அடிச்சேன். பாண்ட் பத்தி எதுவும் கேக்கல. ஒரிஜினல் சர்டிபிகேட்டை எத்தனை நாள்ல திருப்பித் தருவீங்க, அதை லெட்டர்ல சேர்க்க முடியுமா, அவ்வளவுதான். 'சென்ட்' அழுத்தினதுக்கு அப்புறம் வேலை போச்சுன்னே நினைச்சேன். கூடுவாஞ்சேரில இருந்து காலேஜ் வரைக்கும் கை சில்லுன்னு இருந்துச்சு.

ஒன்பதரைக்கு போன் வந்துச்சு. ஒரு மேடம். "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல"ன்னாங்க. கோபமா சொல்லல, ஆச்சரியமாத்தான் சொன்னாங்க. சரிபார்த்துட்டு பதினஞ்சு நாள்ல திருப்பிக் குடுத்துடுவோம், லெட்டரை மாத்த முடியாதுன்னாங்க. "அதை ஒரு மெயிலா அனுப்ப முடியுமா மேடம்?"னு கேட்டேன். வந்துச்சு, ரெண்டு வரி. ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணேன். ஒன்பது ஐம்பத்தஞ்சுக்கு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். பாண்ட் அப்படியேதான் இருக்கு. ஒன்றரை லட்சமும் அப்படியேதான் இருக்கு. நான் ஒண்ணும் பெருசா ஜெயிக்கல.

ஜாயினிங் ஃபார்ம்ல ஒரு கட்டம் இருந்துச்சு: ஆஃபீஸ்ல உங்களை எப்படிக் கூப்பிடணும்? என் பேருல ஒரு 'ழ' இருக்கு. தேர்ட் இயர்ல ட்ரெய்னிங் எடுக்க வந்தவர், கிளையண்ட்டுக்கு வாய்ல நுழையாது, சின்னதா ஒண்ணு வெச்சுக்கோன்னு சொன்னாரு. நானும் தலையாட்டிட்டு ரெஸ்யூமேல ரெண்டு எழுத்தா வெட்டி வெச்சிருந்தேன். வஹீதான்னா அரபில ஒப்பில்லாதவள், ஒருத்திதான்னு அர்த்தமாம். என் பேருக்கு அவ்வளவு பெரிய அர்த்தம் எல்லாம் இல்ல. தாத்தா வெச்ச பேரு, அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்துல முழுசா எழுதினேன். ஐடி கார்டுல எப்படி அடிச்சு வருதுன்னு ஜூலைல பார்க்கணும்.